நாற்பதாயிரம் பேர் பார்த்த வற்றல்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்தே நான்கு வருடம் தள்ளிவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் படிப்பு போதாது என்று தயங்கவில்லை. சபையில் எழுந்து நின்று, ஆண்டவருடைய பீடத்துக்கு முன்னால் சொன்ன ஒரு சாட்சியை என் கையாலேயே திரும்ப எடுக்கவேண்டியிருக்கிறது, அதனால்தான் தயங்கினேன். இரண்டு தடவை நோட்டைத் திறந்து மூடிவிட்டேன். இன்று ஜெபம்பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கடை இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் இருக்கிறது. ஏத்தங்காய் வற்றல் போட்டு விற்கிறோம். வெளியூரில் நேந்திரங்காய் சிப்ஸ் என்பார்கள். காயை உரித்து மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து, கொதிக்கிற தேங்காய் எண்ணெய்க்கு நேர் மேலேயே சீவுவாள் என் மனைவி. பாதி வேகும்போது ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் தெளித்தால் சடசடவென்று ஒரு சத்தம் வரும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்தச் சத்தத்துக்கே திரும்பிப் பார்ப்பார்கள். வேறு விளம்பரம் எங்களுக்கு இருந்ததில்லை.

எதிரே கண்ணாடி வைத்த பெரிய பேக்கரி ஒன்று வந்தது. பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் இருந்து ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனிக்காரப் பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினாள். போனிலேயே கடையை உலகத்துக்குக் காட்டலாம் என்றாள். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போமா?" என்றாள். எனக்கு மனசு இளகிப்போயிற்று. அவளே ஜெபித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவள் போனபிறகு மனைவி கேட்டாள். "அவ கழுத்துல கெடக்க சிலுவையப் பாத்துதானே கையெழுத்து போட்டிய?"

"ஒனக்கு எதுலயும் சந்தேகம்தான்."

"எனக்கு ஆண்டவருமேல சந்தேகமில்ல. அவளுக்க போனுமேலதான்."

படம் எடுக்க வந்தார்கள். எண்ணெய் ஆவி கேமராவில் படிகிறது என்று அடுப்பை அணைக்கச் சொன்னார்கள். மனைவி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ஆறிய எண்ணெய்க்கு மேலே சீவுகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பச்சத்தண்ணியில வத்தல் போடுத மாதிரி இருக்கு, நல்லா எடுங்க" என்று அவர்களிடமே சொன்னாள். எல்லாரும் சிரித்தோம்.

ஒரு மாதம் கழிந்து அந்தப் பெண் போனில் ஒரு அறிக்கை அனுப்பினாள். கோடுகளும் வட்டங்களுமாக இருந்தது, எனக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"சூப்பர் ரிசல்ட் அங்கிள். நாப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க."

"நாப்பதாயிரம் பேரா?"

"ஆமா அங்கிள். ரீச் அவ்ளோ இருக்கு."

எங்கள் சபையிலேயே ஆயிரம் பேர் கிடையாது. நாற்பதாயிரம் முகங்கள் என் கடையைப் பார்க்கின்றன என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. மனைவி மாத்திரம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தவன்ல ஒருத்தனாவது இஞ்ச வந்து நிக்கானா?" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிடைத்தபிறகு நன்றி சொல்வது யாருக்கும் முடியும், கிடைப்பதற்கு முன்னாலேயே ஸ்தோத்திரம் சொல்வதுதான் விசுவாசம் என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த வருடத்து அறுப்பின் பண்டிகையில், விளைச்சலையெல்லாம் ஏலம்விடும் நாளில், நான் செய்தது அது அல்ல. ஒரு ஏத்தன் குலையைக் காணிக்கையாக வைத்துவிட்டு, சாட்சி நேரத்தில் எழுந்து, "எதிரே பெரிய கடை வந்தும் ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை, ஒரே மாதத்தில் நாற்பதாயிரம் பேருக்கு என் கடையைக் காட்டினார்" என்று சொன்னேன். கம்பெனி பெயரையும் சொன்னேன். கண்ணீர் வந்தது. சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. என் குலை அன்றைக்கு ஏலத்தில் எல்லாக் குலையையும்விட உயரப் போயிற்று.

நான் சொன்ன வார்த்தை சபை வாசல் தாண்டும்வரைதான் நான் சொன்னதாக இருந்தது. மறுவாரம் முடிவெட்டுகிற கடையில் ஒருவர் கேட்டார். "ஏ மக்கா, நாப்பதாயிரம் ஆர்டர் வந்திருக்காமே? எண்ணெய்க்கு எங்க போவ? தேங்காயெல்லாம் நீயே வாங்கிட்டா நாங்க கறிக்கு என்ன செய்ய?"

பார்த்தார்கள், வாங்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சிரித்தேன். கண்ணாடியில் என் சிரிப்பு எனக்கே தெரிந்தது. என் பாவம் அங்கேதான் ஆரம்பித்தது என்று இன்றைக்கு நிச்சயமாகச் சொல்வேன்.

எங்கள் சபையில் ஒரு தையல்காரத் தங்கச்சி உண்டு. கணவர் இறந்துபோனபிறகு ஒற்றை அறைக் கடை எடுத்து, ஞானஸ்நானக் குழந்தைகளுக்கும், முதல்தடவை நற்கருணை எடுக்கத் திடப்படுத்தலுக்கு நிற்கிற பெண்பிள்ளைகளுக்கும் வெள்ளை உடுப்பு தைத்தாள். கல்யாணக் கவுனும் தைப்பாள். அவள் தைத்த வெள்ளையில் ஒரு நூல் துருத்தி நிற்காது. அவள் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க சாட்சி சொன்னதுனால கேக்கேன். அந்தக் கம்பெனி எனக்கும் சரியா வருமா? ஆறு மாசத்துக்கு மொத்தமா குடுத்தா கொறச்சுத் தாறாங்களாம். ஓரம் அடிக்குத மெஷின வித்துக் கட்டிரலாம்னு பாக்கேன்."

மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். எங்கள் கடைக்கு அதுவரைக்கும் வந்தது என்னவென்றால், இந்தியில் விலை கேட்ட சில போன்கள், வெளிநாட்டில் இருந்து "நல்லா இருக்கு" என்ற பெருவிரல் படங்கள். ஒரு பொட்டலம்கூட அதனால் போகவில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் சபையில் அழுதது என்ன ஆகும்?

"ஆண்டவர் வழி தெறப்பாரு தங்கச்சி" என்றேன்.

அவளும் கையைக் கூப்பிவிட்டுப் போனாள். என் வார்த்தையை நம்பி மெஷினை விற்றாள்.

அவளுக்கு நடந்ததை அவள் வாயால் கேட்டபடிதான் எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் அவள் தைத்ததைப் படம் எடுக்காமல், எங்கேயோ கிடைத்த கவுன் படங்களை அவள் கடைப் பெயரில் போட்டார்கள். ஒரு கல்யாணப் பெண் தாயோடு வந்து போனில் உள்ள படத்தைக் காட்டி, இதேதான் வேண்டும் என்றாள். அது தான் தைத்ததில்லை என்று இவள் உண்மையைச் சொன்னாள். "அப்போ போட்டோ போட்டு ஆளப் புடிக்கியளா?" என்று தாய்க்காரி தெருவில் நின்று சத்தம்போட்டாள். பிறகு திடப்படுத்தல் காலம் வந்தது. வருடா வருடம் அவளை நம்பியே இருந்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஓரம் அடிக்க மெஷின் இல்லாமல் கையால் அடித்துப் பார்த்தாள். நாள் போதவில்லை. பாதித் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரிசையாகப் பீடத்துக்கு நடந்தபோது நான் உடுப்புகளின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயர் என்ன பிரசங்கித்தார் என்று இன்றைக்கும் தெரியாது.

கடையை அவள் பூட்டினாள். இப்போது காலை முதல் பஸ்ஸில் அண்டி ஆபீசுக்குப் போகிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

நான் கம்பெனி ஆபீசைத் தேடிப் போனேன். அங்கே வேறு ஏதோ கடை இருந்தது. அந்தப் பெண்ணின் போன் ஒருதடவை மாத்திரம் கிடைத்தது. "நான் ரிசைன் பண்ணிட்டேன் அங்கிள், எனக்கும் மூணு மாசம் சம்பளம் தரல" என்று அழுதாள். ஏமாற்றவேண்டும் என்று வந்தவள் அல்ல என்றே நினைக்கிறேன். அவளும் அந்த நாற்பதாயிரத்தை நம்பியிருக்கிறாள்.

பிறகு ஆயரிடம் போனேன். சாட்சியைத் திரும்ப எடுக்கவேண்டும், அடுத்த ஞாயிறு இரண்டு நிமிடம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷன்.

"சாட்சி சொல்ல நேரம் உண்டு. திரும்ப வாங்க ஆராதனையில இடம் இல்லியே" என்றார். "அதுவும் நீங்க பொய் சொல்லலியே. நாப்பதாயிரம் பேர் பாத்தது நெசந்தானே? மனசப் போட்டு அலட்டாதிங்க."

ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். பொய் சொல்லாமலேயே ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தங்கச்சி வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்றே, "நான் அன்னைக்கு ஒன்கிட்ட நெசத்தச் சொல்லல. எனக்கு ஒரு பொட்டலம்கூட போகல" என்றேன். அவள் என்னை உட்காரச் சொல்லிப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுத் தந்தாள். கிளாசை நீட்டிய கையைப் பார்த்தேன். முந்திரித் தோட்டில் இருந்து வடிகிற அண்டிப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் வெந்து உரிந்திருந்தது.

"நீங்க என்ன செய்விய அண்ணே. அது ஆண்டவருக்க சித்தம்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தப்பைக் கொண்டுபோய் ஆண்டவர்மேல் வைத்தாளே, அதுதான் தாங்க முடியவில்லை. "சித்தம் இல்ல தங்கச்சி, நான்தான்" என்றேன். அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "மெஷின் ஒண்ணு வாங்கித் தாறேன்னு சொல்லாதிங்க. இந்தக் கையால இனி வெள்ளத்துணி தொட முடியாது. தொட்டா கறை புடிக்கும்."

மெஷின் வாங்கித் தருவதாகச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். சொல்லாமலேயே திரும்பினேன்.

என் கடை இப்போது வாரத்தில் இரண்டு நாள் திறக்கிறது. கம்பெனி போனில் போட்ட எங்கள் கடைப் பக்கம் இன்னும் அழியவில்லை என்கிறார்கள். ஆறிய எண்ணெய்க்கு மேலே என் மனைவி பட்டுச் சேலையில் நிற்கிறாளாம். தினமும் ஜெபிக்கிறேன். முன்பு கேட்டது கிடைக்கும் என்று நினைத்து ஜெபித்தேன். இப்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் முழங்காலில் நிற்கிறேன்.

சபையில் இடம் இல்லாததால் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் கடை வைத்திருக்கிற நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதினபடியே சொல்லுங்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை. அதற்குமேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். அந்தத் தங்கச்சி மறுபடியும் கடை திறந்துவிட்டாள் என்று இப்போதே யாரோ சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். திறக்கவில்லை. காலை பஸ்ஸில் அவளை நான் பார்க்கிறேன்.