மணலில் படுத்திருந்த சுறா

கரைவலையின் மடியிலிருந்து முதல் கொம்பன் சுறா மணலில் புரண்டு விழுந்தபோது நான் ஆனந்தத்தில் கத்தியே விட்டேன். இருபுறமும் விரிந்த அந்தத் தலை எதற்கென்று எனக்குத் தெரியும். மணலைத் துழாவி, புதைந்து கிடக்கும் திருக்கையைக் கண்டுபிடிக்க. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த சித்திர மாஸ்டர் கரித்துண்டால் வேகமாக வரைந்துகொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். துறைமுகத்தில் குண்டு விழுந்தபின் திருகோணமலைப் பட்டினத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் இருவரும் இளம் ஆசிரியர்கள். நிலாவெளியில் வந்து தங்கியிருந்தோம். "மாஸ்டர்மார் வந்திட்டினம், மீனுக்குப் பாடம் எடுக்க" என்று வலைகாரர் சிரிப்பார்கள். எங்களுக்கு அது காதில் விழாது. உடலைப் பார்த்தே சுறா பிழைக்கும் விதத்தைச் சொல்லிவிடலாம் என்ற வெறி எனக்கு. வள்ளக்காரர் ஆழ்கடலில் பிடித்துவந்த சுறாவுக்கு இரு முனையும் ஒடுங்கிய உடல், பிறை போன்ற விறைத்த வால். ஓயாமல் நீந்தி இரையைத் துரத்துவது. நான் சொல்லச் சொல்ல அவர் வரைவார். போர் முடிந்ததும் கொழும்புக்குப் போய் ஓவியம் படிக்க அவருக்கு இடம் உறுதியாகியிருந்தது. அந்த வலது கையை நம்பியே எல்லாம்.

ஒரு காலை, மண்ணிறச் சுறா ஒன்று வலையில் வந்தது. தட்டையான வயிறு, வாயருகே மீசை, தொய்ந்த நீண்ட வால். கடலடியில் படுத்தபடியே மூச்சுவிடும் இனம். அதன் வாயை வரைய வேண்டும் என்றார் மாஸ்டர்.

"பயப்படாதை மச்சான், இது சோம்பேறி. தலையைத் தூக்கிப் பிடி" என்றேன்.

அவருடைய வலது கை பட்டதும் அது வளைந்து கவ்வியது. தாடையைப் பிளந்துதான் கையை எடுக்க முடிந்தது. மூன்று விரல்கள் அதன்பிறகு மடங்கவேயில்லை. உடலமைப்பு ஒரு பிராணி எப்படி வாழ்கிறது என்று சொல்லும். தொட்டால் என்ன செய்யும் என்று சொல்லாது. உயிரியல் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த தலைமையாசிரியர், அதைத் தொடச் சொன்னது யார் என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. நான்தான் புத்தியில்லாமல் தொட்டனான்" என்றார் மாஸ்டர்.

கட்டிலருகே நின்ற நான் வாய் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை. அவர் கொழும்புக்குப் போகாமல் மூதூரில் கடை வைத்து, அங்கேயே காலமானார்.

இன்றும் வலையில் சுறா விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறேன். வால் எப்படி, தலை எப்படி என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த ஆனந்தம் இத்தனை ஆண்டுகளில் துளியும் குறையவில்லை. குறைந்திருக்க வேண்டும்.