மூன்று லாரி மீன்

துறைமுகத்துப் பக்கம் குளிர்கிடங்கு வைத்திருந்த அவளை எல்லோரும் ‘ஐஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள். மீன் மொத்த வியாபாரி ஒருவரின் பேச்சு வந்தால் மட்டும் முகம் இறுகிவிடும். பல்லைக் காட்டிக்கொண்டே விலை பேசுவதால் அவருக்குச் ‘சிரிச்ச முகம்’ என்று பேர்.

பல வருஷம் முன்பு அவள் புருஷன் சொந்தப் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் வலை இழுக்கும் எந்திரத்தில் அவன் வலது கை சிக்கிக்கொண்டது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட, படகில் கிடந்த மீனை விற்க ஓடினாள். அவள் அவசரம் சிரிச்ச முகத்துக்கு எட்டிவிட்டது. மற்ற வியாபாரிகளைப் பார்த்துக் கண்ணசைத்தார். ஒருவரும் அவள் கூடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறி மீன் கண் வெளிறும்வரை காத்திருந்துவிட்டு, எழுந்து வந்து அடிமாட்டு விலை சொன்னார்.

“நான் கட்டாயப்படுத்தலம்மா. இஷ்டம் இருந்தா குடு.”

கொடுத்தாள். பணம் போதவில்லை. படகை விற்று ஆபரேஷன் நடப்பதற்குள் அவனுக்கு விரல்கள் போய்விட்டன.

அதற்கப்புறம் அவள் ஐஸ் உடைத்தாள், சுமந்தாள், கொழுந்தனோடு கூட்டுச் சேர்ந்து பழைய கிடங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தலையெடுத்தாள்.

வலை கொள்ளாமல் மீன் விழுந்த ஒரு காலையில் சிரிச்ச முகத்தின் கிடங்கில் கம்ப்ரசர் எரிந்துபோனது. மற்ற கிடங்குகளில் இடம் கிடைக்காமல் மூன்று லாரி மீனோடு அவள் வாசலில் வந்து நின்றார்.

“வாடகை நீ சொல்றதுதான் தங்கச்சி. மூணு மடங்குன்னாலும் சரி.”

“ரூம் காலியாத்தான் இருக்கு. தர மாட்டேன்.”

கொழுந்தன் பதறிப்போய் அவள் காதைக் கடித்தான். “அண்ணி, கோவத்தை வச்சு கரண்ட் பில் கட்ட முடியாது!”

“பழசை மனசுல வச்சுக்கலாமா?” என்றார் அவர். “அன்னிக்கு நீ சம்மதிச்சுதானே வித்தே?”

“ஆமா, சம்மதிச்சேன். இன்னிக்கு சம்மதிக்கல.”

கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். லாரிகளின் அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. பிறகு நாற்றத்தோடு சிவப்பாகச் சொட்டியது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுவதைக் கண் நிறையப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டில் துள்ளாத குறையாகச் சொன்னாள். புருஷன் ஒன்றே ஒன்று கேட்டான்:

“மீனைப் பிடிச்சவங்களுக்குக் காசு குடுத்துட்டானா?”

அவள் அதை நினைத்தே பார்க்கவில்லை. சிரிச்ச முகம் எப்போதும் விற்ற பிறகுதான் படகுக்காரர்களுக்குப் பணம் தருவார். மறுநாள் “மீன் அழுகிடுச்சு, நான் எங்க போவேன்” என்று கையை விரித்துவிட்டார். படகுக்காரர்கள் கிடங்கு வாசலில் நின்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். தான் ஓங்கிய கை தப்பான முதுகில் விழுந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதற்காகக் கோபம் தணிந்துவிடவில்லை, இன்னும் கொழுந்துவிட்டது.

“மீனை நேரா இங்க கொண்டாங்க,” என்றாள் அவர்களிடம். “விலை படியற வரைக்கும் கெடாம நான் பாத்துக்கறேன். வித்துட்டு வாடகை குடுங்க.”

கொழுந்தன் தலையில் கை வைத்தான். பிறகு மனக்கணக்குப் போட்டுவிட்டு இழுத்தான்: “அண்ணி, இதுல நமக்கும் லாபம் வரும் போலிருக்கே?”

“வரட்டும். அவனுக்கு வராம இருந்தா சரி.”

பாதிப் படகுகள் வந்தன. மீதிப் பேர் படகுக்கும் வலைக்கும் சிரிச்ச முகத்திடம் கடன் வாங்கியிருந்ததால் அசைய முடியவில்லை. அவர்களை எப்படிப் பிரித்துக்கொண்டு வருவது என்பதுதான் இப்போது அவளுக்கு ராத்திரி பகல் யோசனை.