அசைவின் அளவு

அலுவலகத்தில் அவனுக்குத் தாலாட்டு என்று பெயர். கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகளைத் தூங்கவைப்பதுதான் அவன் வேலை. விழித்திருக்கும் கருவி பேட்டரியைத் தின்னும். எப்போது தூங்க வேண்டும், எதற்கு விழிக்க வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுப்பான்.

அப்பாவுக்கு மறதி முற்றி, தெருமுனைவரை போனவர் திரும்பத் தெரியாமல் நின்ற பிறகு, அப்படியொரு கருவியை அவர் கழுத்தில் மாட்டினான். அசைந்தால் விழித்து, அவர் இருக்கும் இடத்தை அவன் போனுக்கு அனுப்பும். அசையாவிட்டால் தூங்கும்.

"என்னடா இது, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி?"

"நீங்க எங்க போறீங்கன்னு தெரியணும்ல."

"எனக்கே தெரியறதில்ல. அதுக்குத் தெரியுமாக்கும்."

அப்பாவின் கை சும்மா இருக்காது. உட்கார்ந்த இடத்திலும் நடுங்கும். அதை மார்பின்மேல் வைத்துக்கொள்வார். கருவியும் சேர்ந்து நடுங்கும். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் விழித்து, வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி, சாயங்காலத்துக்குள் செத்துப்போகும். அதைச் சார்ஜில் போட்ட நேரமாகப் பார்த்து அப்பா நழுவிவிடுவார்.

அதனால் விழிப்பதற்கான அசைவின் அளவை உயர்த்தினான். தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். விழித்தது. உட்கார்ந்து கையை நடுக்கிப் பார்த்தான். விழிக்கவில்லை.

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். "இதையும் தூங்க வச்சாச்சா? இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தூக்கமில்ல."

அதன்பின் பேட்டரி நாள்கணக்கில் தாங்கியது.

மழை பிடித்த ஒரு மத்தியானம், அலுவலகத்தில் இருந்தவனுக்கு மனைவி போன் செய்தாள். "மாமாவைக் காணோம். கதவு திறந்து கிடக்கு."

போன் திரையில் அப்பாவைக் காட்டும் புள்ளி வீட்டின்மேல் இருந்தது. "வீட்டுலதான் இருக்கார். நல்லாப் பாரு."

"பாத்துட்டேங்க."

"மொட்டைமாடி?"

ஏறிப் பார்த்தாள். கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்தாள். "தெருவுல போய்த் தேடறேன்."

"வேணாம். நடந்திருந்தா காட்டியிருக்கும். உள்ளதான் எங்கயோ இருக்கார்."

அவள் மறுபடி அறை அறையாகப் போனாள். அப்போது புள்ளி ஒரே தாவலில் கடைத்தெருவைத் தாண்டி, மேம்பாலப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தது.

அப்பா காலைத் தூக்கி வைப்பதில்லை. தேய்த்துத் தேய்த்துப் போவார். அவ்வளவு தூரமும் அந்த நடை அவன் வைத்த அளவைத் தொடவில்லை. படிக்கட்டில் விழுந்ததுதான் தொட்டது.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். இனி நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர். ஈரச் சட்டையையும் கருவியையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தாள் நர்ஸ். சார்ஜ் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. மனைவி சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பிழிந்தாள்.

கட்டிலருகே உட்கார்ந்து, போனிலிருந்தே அளவைப் பழையபடி குறைத்தான். அப்பாவின் விரல்களுக்குள் கருவியை வைத்து மூடினான். கை நடுங்கியது. போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

அப்பா கண் திறக்கவில்லை. "யாரோ கூப்பிடறாங்க பாரு."

"நீங்கதான்ப்பா."

"எடுத்துப் பேசேன்டா."

அவன் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது.