சப்பி நெல்லில் பழகிய குட்டி

ஞானேஸ்வரி ஓரிடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்ததை அந்த ஒழுங்கையில் கண்டவர்கள் குறைவு. கோப்பையோடு வேலிக்குப் போவாள், ஒரு மிடறு. மாட்டுக் கொட்டிலுக்குப் போவாள், இன்னொரு மிடறு. மிச்சம் கிணற்றுக்கட்டில் ஆறிக் கிடக்கும். தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் வந்து காடு வெட்டிய காலத்தில் பிறந்தவள், வயது நாற்பத்தெட்டு. கணவர் வவுனியாவில் ஒரு களஞ்சியத்துக்குக் காவல், பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவார். மகள் சுமித்திராவுக்குக் கிளிநொச்சியில் தையல் வேலை. இரண்டு ஏக்கர் மானாவாரி வயலை அவளே செய்கிறாள். யாரும் இருத்திச் சொல்லிக்கொடுத்த வேலை அல்ல. பார்த்து, பிழைவிட்டு, அடுத்த போகத்தில் திருத்திப் பழகியது.

விதைநெல் அவள் படுக்கும் அறையில்தான் இருக்கும். வெளிக் கொட்டிலில் வைத்தால் யானை மணம் பிடித்து வந்து சுவரோடு இழுக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வாள். அது உண்மைதான். சொல்லாத காரணம் இன்னொன்று உண்டு. சண்டை முடிந்த வருடம் ஒரு சாக்கு விதைநெல்லைத் தலையில் சுமந்து, இடம்பெயர்ந்து உடையார்கட்டுவரை போனாள். அங்கே பசிக்கு அதைக் குத்திக் கஞ்சி வைத்தார்கள். அன்றிலிருந்து, விதைநெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அவளுக்குக் கண் மூடாது.

மாரி மழையோடு விதைக்கும் இந்தக் காலபோகத்துக்கு அறையில் இருந்தது நாலு புசல், இரண்டு சாக்கு. புரட்டாதி பிறந்ததும் எலி வந்தது. முதல் நாள் சாக்கின் மூலையில் ஒரு ஓட்டை, மறுநாள் மூன்று. போன வருடம் வைத்த நஞ்சில் எலி சாகவில்லை, அடைகாத்த கோழிதான் செத்தது. அதனால் இம்முறை பக்கத்து வளவு இராசமலரிடம் போய் ஒரு பூனைக்குட்டி கேட்டாள்.

"குட்டி தாறன். ஆனா பிள்ளை, நீ உன்ரை வீட்டிலை இருக்கிறதே இல்லை. அது ஆரோடை பழகிறது?" என்றாள் இராசமலர்.

"எலியோடை பழகட்டும் அக்கா."

சாம்பல் நிறம், முன்கால் இரண்டும் வெள்ளை, உள்ளங்கையில் அடங்கும் அளவு. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, வந்த வழி தெரியாமல் இருக்க ஒழுங்கையைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அறையில் அவிழ்த்துவிட்டதும் அலுமாரிக்கு அடியில் போனதுதான், பொழுதுபடும்வரை வெளியே வரவில்லை. ஞானேஸ்வரி குனிந்து பார்த்தாள், பால் வைத்தாள், அடுப்பைப் பார்க்க ஓடினாள், திரும்ப வந்து குனிந்தாள். ஒவ்வொரு முறையும் குட்டி இன்னும் உள்ளே போனது.

அதற்கு வெளிக்குப் போக ஒரு இடம் வேண்டுமே. முற்றத்து மண்ணில் எறும்பு. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் தூற்றி ஒதுக்கிய சப்பி நெல் குவிந்து கிடந்தது. உள்ளே மணி இல்லாத பதர்; மெல்லியது, ஈரத்தை உறிஞ்சும், பிறகு எருக்கிடங்கில் கொட்டலாம். உடைந்த பேசினில் அதை நிரப்பி அறை மூலையில் வைத்தாள். குட்டி இரண்டாம் நாளே அதில் ஏறி, காலால் கிண்டி, இருந்து, மூடிவிட்டு இறங்கியது. நாலு நாளாக ஒரு பிழை இல்லை.

"ஒரு சொல்லுச் சொல்லேல்லை அக்கா, தானாப் பழகிட்டுது!" என்று வேலிக்கு மேலால் பெருமையடித்தாள். எலிச் சத்தமும் நின்றிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பாட்டம் மழை பெய்தது. ஓட்டு இடுக்கால் ஒழுகி ஒரு சாக்கின் அடி நனைந்துவிட்டது. மற்றதை எலி கடித்து வைத்திருந்தது. இரண்டையும் அறை நடுவே படங்கு விரித்துக் கொட்டிப் பரவினாள். வெளியே காய வைக்க வெயில் இல்லை. மூடி வைத்தால் வேர்த்து, முளை கெட்டுவிடும். உழவு மெசின் அவளுடைய வயலுக்கு வருவது அடுத்த திங்கள். அதுவரை எட்டு நாள் நெல் இப்படித்தான் கிடக்க வேண்டும்.

வரம்பு கட்டப் போய் மத்தியானம் வந்து கதவைத் திறந்தாள். குட்டி விதைநெல்லின் நடுவில் நின்று, பின்னங்காலால் வெகு கவனமாக மூடிக்கொண்டிருந்தது.

"அடேய்!"

விளக்குமாறால் நிலத்தில் ஓங்கி அடித்தாள். குட்டி நெல் சிதறப் பாய்ந்து அலுமாரிக்கு அடியில் மறைந்தது. அவள் நனைந்த இடத்தைச் சுளகால் அள்ளி வெளியே கொட்டினாள். மணந்து பார்த்தாள். இன்னும் ஒரு சுளகு அள்ளினாள். ஊரில் எல்லோரும் விதைக்கும் நேரம். யாரிடம் போய் மறுபடி விதைநெல் கேட்பது?

நேரே இராசமலரின் படலைக்குப் போனாள். "அக்கா, இந்தக் குட்டியைத் திருப்பி எடுங்கோ."

"அப்ப எலிக்கு?"

ஞானேஸ்வரி தன் வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நாலு நாளா நல்ல பிள்ளை எண்டாய். எதிலை இருக்கப் பழக்கினனி?"

"சப்பி நெல்லிலை."

இராசமலர் சிரிக்கத் தொடங்கினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி விசரி! பூனைக்கு எது சப்பி, எது விதைநெல் எண்டு விளங்குமே? காலுக்கு ரெண்டும் ஒண்டுதானே. நீ சின்னப் பேசின் வைச்சாய், பிறகு பெரிசா விரிச்சும் விட்டாய். அது சந்தோசமாப் போட்டுது!"

ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி நடக்கும்போது அந்தச் சொல் உள்ளே போய்க் குத்தியது. குட்டி பிழை செய்யவில்லை. தான் படிப்பித்ததைத்தான் செய்தது. படிப்பித்தவள் திருத்த வேண்டும், அதுவும் திங்களுக்கு முதல்.

பொழுதுபட சுமித்திரா போன் எடுத்தாள். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரேயடியா மண்ணுக்கு மாத்தினா அது பேசினுக்கே வராது அம்மா. கொஞ்சம் கொஞ்சமாக் கலவுங்கோ. அதோடை நீங்கள் ஓடித் திரியிறதிலைதான் அது பயப்பிடுது. அறையிலை கொஞ்ச நேரம் சும்மா இருங்கோவன்" என்றாள்.

"சும்மா இருக்கிறதோ? ஆர், நானோ?"

"ஏலாதெண்டு தெரியும். சொல்லிப் பாத்தனான்."

மண்ணை அரித்து, எறும்பு போக உடைந்த சட்டி ஓட்டில் வறுத்து ஆறவிட்டாள். வேலிக்கு மேலால் இராசமலரின் குரல் வந்தது: "பிள்ளை, மண்ணையும் வறுக்கிறாய். தாளிக்கேல்லையோ?"

முதல் நாள் ஒரு பிடி மண், மிச்சம் சப்பி. அடுத்த நாள் இரண்டு பிடி. குட்டி இருந்த சப்பியில் கொஞ்சத்தை மணத்துக்காகப் பேசினிலேயே விட்டாள். வயலுக்குப் போகும்போது நெல்லுக்கு மேல் பழைய சேலைகளை விரித்துவிட்டுப் போவாள். போய் நாலு மண்வெட்டி மண் போடுவதற்குள் மனம் வீட்டில் நிற்கும். சேலைக்குக் கீழே நெல் வேர்க்கிறதா? சேலையைக் கிண்டி உள்ளே போய்விட்டதா? மண்வெட்டியை வரம்பில் குத்தி வைத்துவிட்டு சைக்கிளை உழக்கி வருவாள், சேலையை இழுப்பாள், நெல்லைக் கையால் அளைவாள், திரும்ப ஓடுவாள். ஒரு நாளில் ஐந்து முறை. வரம்பு பாதியில் நின்றது. குட்டி, சைக்கிள் படலையில் இடிக்கும் சத்தம் கேட்டாலே ஒளிந்தது.

வியாழக்கிழமை, படங்கின் ஓரத்தில் மறுபடியும் ஒரு ஈரம். நல்ல வேளை, சேலையில்தான். ஞானேஸ்வரி விளக்குமாற்றை எடுத்தாள். குட்டி பேசினுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நின்று அவளையே பார்த்தது. பேசினுக்குப் போகத்தான் அது புறப்பட்டிருக்க வேண்டும். அவள் கதவை இடித்துத் திறந்ததில் வழியிலேயே நடந்துவிட்டது. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

அன்று பின்னேரம் அவள் வயலுக்குப் போகவில்லை. வெறுங்கையோடு இருக்க ஏலாததால், சுளகில் கொஞ்சம் கொஞ்சமாக நெல்லை எடுத்துப் புல்விதை பொறுக்கினாள். கால் துடித்தது. மாடு கத்தியது, எழும்பப் பார்த்து இருந்தாள். வெளியே இடி உருண்டது, மறுபடி எழும்பப் பார்த்து இருந்தாள். நேரம் போகப் போக, அலுமாரிக்கு அடியிலிருந்து முதலில் ஒரு வெள்ளைக் கால் வந்தது. பிறகு மூஞ்சி. குட்டி சுவரோரமாக நடந்து பேசினில் ஏறி, மண்ணும் சப்பியும் கலந்ததைக் கிண்டி இருந்தது. அவள் மூச்சுக்கூடக் கேட்காமல் இருந்தாள்.

வெள்ளி, சனி, ஞாயிறும் அப்படித்தான். காலையில் வரம்பு, பின்னேரம் அறையில் புல்விதை. ஞாயிறு பேசினில் முழுவதும் மண். குட்டி நனைத்த இடத்துக்குப் பக்கத்தில் எடுத்த நூறு நெல்லையும் நல்ல இடத்தில் எடுத்த நூறையும் ஈரத்துணியில் தனித்தனியே சுற்றி வைத்திருந்தாள். அவிழ்த்து எண்ணினாள். நல்ல இடத்தில் தொண்ணூற்று மூன்று முளைத்திருந்தது. மற்றதில் நாற்பத்தொன்று. அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு சுளகு ஒதுக்கி மாட்டுக்கு வைத்தாள். கொஞ்சம் ஐதாக, இடைவெளி விட்டு விதைத்தால் மிச்சம் வயலுக்குக் காணும்.

திங்கள் விடிய, படலையில் உழவு மெசின் உறுமியது. ஓட்டி வந்தவன் கிருசாந்தன். எல்லா வருடமும் மெசின் வரும் முன்பே சாக்கோடு ஒழுங்கையில் நிற்பவள் ஞானேஸ்வரி. இன்று சேலைகளை உருவி எடுத்துவிட்டு, நெல்லை அள்ளச் சாக்கை விரித்த நேரம், குட்டி அலுமாரிக்கு அடியிலிருந்து வந்து படங்கின் விளிம்பில் நின்றது. மூடாமல் விரிந்து கிடந்த நெல்லை மணந்தது. ஒரு காலை அதில் வைத்தது.

மெசினின் கோன் அடித்தது. "அன்ரி! மழை வரப்போகுது, உள்ளுக்கை என்ன செய்யிறியள்?"

ஞானேஸ்வரி அசையவில்லை. ஒரு கையில் சாக்கு, மறு கையில் சுளகு. வாய்வரை வந்த "அடேய்" அங்கேயே நின்றது.

குட்டி இரண்டு மணியைக் காலால் தட்டியது. பிறகு காலை எடுத்து உதறிவிட்டு, படங்கின் ஓரத்தால் சுற்றி, மூலைக்குப் போய்ப் பேசினில் ஏறியது.

கோன் மறுபடி நீளமாக அடித்தது.

"பொறு தம்பி!" குரலை உயர்த்தாமல் வாசல் பக்கம் தலையை மட்டும் திருப்பிச் சொன்னாள். "இஞ்சை சின்னவர் வேலையா இருக்கிறார். முடியட்டும்."

குட்டி மண்ணை இழுத்து மூடும்வரை அப்படியே நின்றாள். பிறகுதான் குனிந்து முதல் சுளகு நெல்லைச் சாக்கில் கொட்டினாள்.