ஒன்றாம் தேதியே பிடித்த தவணை

எங்கள் சின்னமனூர் கிளை கோர் பேங்கிங் என்ற புதிய கணினி முறைக்கு மாறிய முதல் மாதம் அது. ஆண்டிபட்டியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த நான் அங்கே ஆபீசர். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்ததுமே விருமாயி அம்மாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

வாழைத் தோப்புகளில் இலையை மொத்தமாக விலை பேசி அறுத்துத் தேனி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். இலை ஏற்ற எங்களிடம் கடன் வாங்கி ஒரு மினி வேன் வைத்திருந்தார். அதன் தவணையை மாதாமாதம் பத்தாம் தேதி அவர் கணக்கிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்ள ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்திருந்தார்.

"தாயி, பத்தாந்தேதி எடுக்குற பணத்த ஒண்ணாந்தேதியே ஏன் எடுத்தீக? மார்க்கையன்கோட்டை ராசாங்கம் ஐயாவுக்குக் குடுத்த செக்கு திரும்பிருச்சு. தோப்புக்குள்ள கால வைக்காதங்கறாக."

கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஒன்றாம் தேதி தவணை போயிருந்தது. அதற்குப் பிறகு கிளியரிங்கில் வந்த செக், பணம் போதாமல் திரும்பியிருந்தது. புதிய சிஸ்டத்துக்கு மாற்றியபோது பழைய தேதிகள் ஏறாமல் எல்லாமே ஒன்றாம் தேதி என்று விழுந்திருந்தன.

மேலாளர் சுந்தரமூர்த்தி சாரிடம் ஓடினேன். அவர் மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"செக் குடுத்தா அக்கவுண்ட்ல பணம் வச்சிருக்கணும் சார். அது கஸ்டமர் பொறுப்பு."

"வச்சிருந்தாங்க சார். நாமதான் முந்தி எடுத்துட்டோம்" என்றார் இவர். எடுத்த பணத்தைத் திரும்ப ஏற்றும் ரிவர்சல் என்ட்ரிக்கு அனுமதி கிடைக்கும் வரை போனை வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தவணைப் பணமும், செக் திரும்பியதற்குப் பிடித்த கட்டணமும் கணக்கில் திரும்ப ஏறின. வேலை முடிந்தது என்று நினைத்தேன். விருமாயி அம்மாள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பணம் வந்திருச்சு, சரி. அங்கன தோப்புல இருக்கவுகளுக்கு அது தெரியுமா சார்? நாஞ் சொன்னா யாரு நம்புவாக?"

சார் டிராயரைப் பூட்டிவிட்டு, "வாங்கம்மா, போவோம். நீங்களும் வாங்க மேடம்" என்றார்.

விருமாயி அம்மாளின் வேனிலேயே மூவரும் போனோம். தோப்பு வாசலில் ராசாங்கம் நின்றிருந்தார். இலைக்கட்டு சுமக்கிறவர்களும், பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். வேனைப் பார்த்ததுமே அவர் கத்தினார்.

"செக்கக் குடுத்து ஏமாத்திட்டு எந்த மொகத்தோட வர்ற? நாளையில இருந்து வேற ஆளு இலை அறுப்பாக."

சார் இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவரோ எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"ஐயா, நான் பேங்க் மேனேஜர். இந்தம்மா உங்க செக்குக்குப் பணம் வச்சிருந்தாங்க. வேன் தவணைய தேதிக்கு முன்னாடியே எடுத்தது நாங்க. தப்பு முழுக்க எங்களோடது. இவங்ககிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ராசாங்கம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேனேஜரே இம்புட்டுத் தூரம் வந்து சொல்லும்போது நான் என்னத்தப் பேச? செக்கத் திரும்பப் போடுறேன்." பிறகு விருமாயி அம்மாளிடம் திரும்பினார். "நேத்தும் இன்னைக்கும் நாலு பேரு முன்னால வஞ்சுட்டேன். மனசுல வச்சுக்காத ஆத்தா. காலையில ஆள விட்டு அறுத்துக்க."

பேங்க்கில் கண் கலங்காத விருமாயி அம்மாள் வேனுக்குள் ஏறிய பிறகுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிளைக்குத் திரும்பியதும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்த எல்லாக் கணக்குகளையும் சாரும் நானும் எடுத்துப் பார்த்துத் தேதியைத் திருத்தினோம். முன்கூட்டிப் பணம் போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். சிலர் திட்டினார்கள். இன்னும் சிலர், கேட்காமலே கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி சொன்னார்கள்.

சுந்தரமூர்த்தி சார் அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டார். எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அவர் எனக்கு ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் அந்தத் தோப்பு வாசலில் அவர் பக்கத்தில் நிற்கக் கிடைத்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் அவரை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

பிற்பாடு நானே தேனியில் மேலாளர் ஆனேன். தேதிக்கு முன்னால் பணம் பிடித்துவிட்டார்கள் என்று யாராவது வந்தால், கணக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: "இதனால யார்கிட்டயாவது பேச்சு வாங்குனீங்களா?"

ஒருமுறை ஒரு டிரைவர் வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"எங்க வீட்டுலதான் மேடம். நாந்தான் எடுத்துக் குடிச்சுட்டேன்னு நினைக்கிறாக. ரெண்டு நாளாப் பேச்சு வார்த்தை இல்ல."

அவர் மனைவியின் நம்பரைக் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே போனைப் போட்டேன்.