சீதாலெட்சுமி பார்க்கும் தேதி

தாளைக் கையில் வாங்கியதும் சீதாலெட்சுமி அக்கா அதன் மேல் மூலையைத்தான் பார்க்கிறார். என்ன தாள், எத்தனை பிரதி என்பதெல்லாம் பிறகு. நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை இறக்கி, தேதியின் மேல் சுண்டுவிரலை வைத்து, வாய்க்குள்ளேயே மாதங்களை எண்ணுகிறார். என் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோனபோதும் அப்படித்தான். "இது பரவால்ல தம்பி" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். எது பரவாயில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கீழே இருக்கிறது அந்தப் போட்டோஸ்டேட் கடை. முதலாளி தாவூத். அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது, வயது ஐம்பத்தாறு. தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறார். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்து தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு தடவை ரவாங் வரை போய்விட்டாராம்.

பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை நன்றாக அசைத்து, நம் முகத்துக்கு நேரே நின்று பேசுவார். புதிதாக வருகிறவர்கள், நமக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாரோ என்று குழம்புவார்கள். காது கேட்காதவர் அவருடைய கணவர் கன்னையா. வீட்டுப் பழக்கம் கடைக்கும் வந்துவிட்டது.

கன்னையா கிள்ளானில் பஸ் ஓட்டியவர். 2009 மார்ச்சில் காலில் புண்ணோடு ஓர் அரசாங்க மருத்துவமனையில் சேர்ந்தார். மூன்று வாரம் ஊசி போட்டார்கள். அந்த மருந்தைப் போடும்போது இடையிடையே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை. புண் அப்போதைக்கு ஆறியது. காது போயிற்று, நேராக நிற்கும் நிதானமும் போயிற்று. பஸ் சாவியை அவரே கொண்டுபோய் டிப்போவில் கொடுத்துவிட்டு வந்தார்.

அக்கா மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், மறுபடி அதே பதில் வந்தது. 2012 ஜூலையில் யாரோ சொல்லி ஒரு வழக்கறிஞரிடம் போனார்கள். அவர் எல்லாத் தாளையும் பொறுமையாகப் படித்தார். அரசாங்க மருத்துவமனை மேல் வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம், தனியார் என்றால் ஆறு என்று விளக்கினார். வழக்கில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான்கு மாதம் பிந்திவிட்டீர்கள், இனி பதிய முடியாது என்றார்.

உள்ளே பேசியது எதுவும் கன்னையாவுக்குக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் வைத்து அக்கா அவருக்கு ஒவ்வொரு சொல்லாக உதட்டசைத்துச் சொன்னார். கன்னையா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். "நீ என்னா பண்ணுவ" என்றார் கன்னையா.

"மூணு வருஷத்துல இப்படி ஒரு கெடு இருக்குன்னு ஒருத்தர்கூட ஒரு வார்த்த சொல்லல தம்பி" என்றார் அக்கா என்னிடம். இதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டது அவ்வளவுதான். டாக்டர்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. கன்னையாவின் காலுக்கு இன்றைக்கும் மருந்து கட்டுகிற கிளினிக் தாதிகளுக்குத் தீபாவளிதோறும் அதிரசம் சுட்டுக்கொண்டு போகிறார்.

இந்தத் தேதி பார்க்கும் வழக்கத்தால் வம்பும் வந்திருக்கிறது. ஒரு பெண்மணி, என் தாயாருடைய மருத்துவ அறிக்கையை நீ ஏன் படிக்கிறாய் என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டார். அது நியாயமான கேள்வி என்று தாவூதும் சொன்னார். இனி வாடிக்கையாளர் தாளைப் படித்தால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "படிக்கல பாய். டேட் மட்டுந்தான்" என்றார் அக்கா.

சுகுமாறன் வந்தது 2019இல், ஒரு வியாழக்கிழமை காலை. ஜெஞ்சாரோமில் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். சமூகநல உதவிக்கு மனுப் போட, மனைவி உஷாராணியின் அரசாங்க மருத்துவமனைத் தாள்களைப் பிரதி எடுக்க வந்திருந்தார். பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசிக்குப் பிறகு அவளுக்கு இரண்டு காலும் விளங்கவில்லை. அக்காவின் சுண்டுவிரல் தேதியில் நின்றது. அடுத்த செவ்வாயோடு மூன்று வருடம் முடிகிறது.

வக்கீலைப் பார்த்தாரா என்று அக்கா கேட்டார். புகார்க் கடிதம் கொடுத்தாயிற்று, பதில் வரட்டும் என்று இருக்கிறோம் என்றார் சுகுமாறன்.

"அவங்க பதில் எழுதிக்கிட்டேதான் இருப்பாங்க. அதுக்காக நாளு நிக்காது."

"கேஸ் போட்டா அங்க நல்லா பாக்க மாட்டாங்கக்கா. அவளுக்கு இன்னும் அங்கதானே தெரபி."

"நானும் அப்படித்தான் பயந்தேன் தம்பி. என் வீட்டுக்காரருக்கு நாலு மாசம் லேட்டாயிருச்சு."

கல்லாவில் இருந்த தாவூத் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றதாகப் பிறகு சொன்னார். தாவூத் எழுந்து வந்தார். சுகுமாறனின் தாள்களை வாங்கி அடுக்கினார். "மேல கூட்டிட்டுப் போங்கக்கா. மெஷின நான் பாத்துக்கறேன்" என்றார்.

மாடியில் இருந்த வழக்கறிஞர் விஷ்ணுப்ரியாவுக்கு முப்பது வயதுகூட இராது. நிபுணரின் அறிக்கை இல்லாமல் வழக்கை வெல்ல முடியாது, ஆனால் முதலில் பதிந்துவிட்டால் நாள் கடக்காது, அறிக்கையைப் பிறகு வாங்கலாம் என்றார். ஆனால் வழக்கு உஷாராணியுடையது; அவள் சம்மதிக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும்.

சனிக்கிழமை சுகுமாறனின் லோரியிலேயே அக்கா ஜெஞ்சாரோம் போனார். உஷாராணி கட்டிலில் சாய்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சுகுமாறன் மறுபடியும் தெரபியைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசினார். அவள் கடைசி வாய்ச் சோற்றையும் ஊட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு என்னா நடந்துச்சுன்னு இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல. கோர்ட்டுலயாச்சும் கேப்பாங்கல்ல?"

கேட்பார்கள் என்றார் அக்கா. அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

திங்கட்கிழமை மதியம் வழக்கு பதிவாயிற்று, ஒரு நாள் மீதமிருக்க. அதன் பிறகு ஐந்து வருடம் இழுத்தது. நடுவில் ஒரு நிபுணர் பின்வாங்கினார், பெருந்தொற்றில் நீதிமன்றம் மூடிக்கிடந்தது, சுகுமாறன் இரண்டு தடவை விட்டுவிடலாம் என்றார். உஷாராணி விடவில்லை. கடைசியில் அவள் சாட்சி சொன்ன மறுவாரம் எதிர்த்தரப்பு தவறை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. தெரபி ஒரு நாளும் நிற்கவில்லை. அங்கிருந்த தாதிகள் முன்பு போலவே பார்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது உஷாராணி வந்தாள். பட்டுப்புடவை கட்டி, சக்கர நாற்காலியில். கடை வாசல் படி உயரம், நாற்காலி ஏறவில்லை. அக்கா வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். உஷாராணி ஏதோ சொல்லத் தயாராகி வந்திருந்தாள் போலிருக்கிறது, "அக்கா" என்று ஆரம்பித்ததுமே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நடைபாதையில் மண்டியிட்டு, சக்கரத்தில் சிக்கியிருந்த புடவைக் கரையை, பட்டு கிழியாமல், மெல்ல மெல்ல உருவி எடுத்துக்கொண்டிருந்தார்.