பொழுதடையும் பக்கத்து மலை

போன ஜூலை மாதம் முழுவதும் ஒரே ஒரு குரலைக் கேட்க ஏங்கிக் கிடந்தேன். சகோதர சகோதரிகளே, நான் வாய் மூடாத ஆள். எனக்கு இந்த ஏக்கம் என்றால் ஆண்டவரே சிரித்திருப்பார்.

ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழும் சமூக அறிவியலும் நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள் செலின். அவள் அம்மா கேரள மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறார். படிப்புக்காக மகளைக் கீழே அத்தை வீட்டில் விட்டிருந்தார். வந்த நாளிலிருந்து செலின் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் வித்தையெல்லாம் இறக்கினேன். நரி மாதிரி ஊளையிட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. அவள் மட்டும் ஜன்னலைப் பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை அத்தை வந்தார்.

"சார், வீட்டுலயும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஞாயித்துக்கெழம ஜீப்புல மேல அனுப்பிருறேன். அவ ஆத்தாகிட்டயே கெடக்கட்டும்."

தோட்டத்துப் பக்கம் பள்ளிக்கூடம் கிடையாது. போனால் படிப்பு அதோடு சரி.

அன்று மாலை கோவிலில் முழங்கால் போட்டேன். பயத்தில் ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்பது மறந்து மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன். மாதாவுக்கே அலுத்திருக்கும். "ஒரே ஒரு சொல், தாயே. என்னைத் திட்டினாலும் சரி."

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் நம் பள்ளத்தாக்கின் வரைபடம். நடுவில் முல்லையாறு, இருபுறமும் மலை. பதற்றத்தில் கேரளத்துத் தோட்டங்களைச் சின்னமனூருக்குக் கிழக்கே உள்ள மலையில் எழுதிவைத்தேன். இருபது வருடமாக நடத்தும் பாடம்!

"சார், தப்பு."

திரும்பினேன். செலின் எழுந்து நின்றாள்.

"எங்கம்மா மலை அங்கன இல்ல. பொழுதடையுற பக்கம். நெதமும் பாத்துக்கிட்டே இருக்கேன்ல!"

அந்த ஜன்னல் மேற்கே பார்த்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். மலை, ஜீப் திரும்பும் வளைவு, அம்மாவின் வீடு. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வரைந்தாள்.

"ஏலே, சார் அழுகுறாக!" என்றது பின் பெஞ்சு.

"சாக்பீஸ் தூசிடா" என்றேன். யாரும் நம்பவில்லை.

வீட்டிலும் அவள் பேசத் தொடங்க, ஞாயிறு ஜீப் அவள் இல்லாமல் போனது. இப்போது செலின் வாயை மூடுவதே இல்லை. அமைதி கேட்டு ஜெபிக்க எனக்குத் தைரியமில்லை. ஊளையிடும் முன் பிள்ளை எங்கே பார்க்கிறது என்று பார்க்கப் பழகியிருக்கிறேன்.

"அம்மா எப்ப சார் வருவாக?" என்று மாலைதோறும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. இருவரும் அந்த ஜன்னலோரம் நின்று மலையைப் பார்த்து ஜெபிக்கிறோம். என் தப்புக்குள்ளேயே பதிலை வைத்தவர் இதையும் பார்த்துக்கொள்வார். நீங்களும் துணிந்து கேளுங்கள். மணி எண்ணிக்கை தப்பினாலும் அவர் கேட்கிறார். அதற்கு நானே சாட்சி.